மானிடக் கலைகளில் இணையவழி அறிமுகப் பாடங்கள்: ஒரு மதிப்பீடு

மெய்யியல், இலக்கியம், சமய ஆய்வு முதலிய மானிடக் கலைகளிலும், சமூகவியல், உளவியல் போன்ற சமூக அறிவியல்களிலும் முதலாண்டு மாணவர்க்குரிய அறிமுகப் பாடங்களை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இணையத்தின் வாயிலாக உலகோர் அனைவர்க்கும் வழங்கத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு பத்தாண்டுகள் ஆகின்றன. நம் ஆயர்களில் பலரும் இறையியல் மாணவருள் மிகப் பலரும் இவற்றுள் ஒன்றையேனும் கேட்டிருப்பர். எனினும் இவற்றை நூல்களைப்போல எடுத்துவைத்து மதிப்பிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஏற்படவில்லை. ஐந்நூறு படிகள் விற்கும் ஒரு விளக்கவுரை நூலுக்கு மதிப்புரை எழுதுகிறோம். பல்லாயிரவர் கேட்கும் விரிவுரைத் தொடரைக் குறித்து வாளாவிருக்கிறோம். அக்குறையைச் சிறிதேனும் நீக்கும் நோக்குடன் மூன்று தொடர்களை ஈண்டு ஆராய்வோம். கிறிஸ்டின் ஹேய்ஸ் யேல் பல்கலைக்கழகத்தில் நடத்திய பழைய ஏற்பாட்டு அறிமுகம், மைக்கேல் சாண்டெல் ஹார்வர்டில் நடத்திய 'நீதி', மிட்செல் டுனியர் பிரின்ஸ்டனிலிருந்து நடத்திய சமூகவியல் அறிமுகம் ஆகியவை அம்மூன்றுமாம்.

இம்மதிப்பீட்டை இன்று மேற்கொள்வதற்குக் காரணம் ஒன்று உண்டு. இந்திய அரசு 2017 ஜூலையில் 'ஸ்வயம்' என்னும் இணையவழிக் கல்வித் தளத்தைத் தொடங்கிற்று. பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் வகுத்த விதிகளின்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை அத்தளத்தின் வாயிலாகப் படித்து முடிக்கலாம். 2016-ஆம் ஆண்டு விதிகளில் இவ்வெல்லை 20 விழுக்காடாக இருந்தது. ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாத கல்லூரிகளில் இவ்விதி எவ்வாறு பயன்படக்கூடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இறையியல் கல்லூரிகளிலும், முதலாண்டுச் சமூகவியலையும் மெய்யியலையும் சிறந்த வெளிநாட்டுப் பேராசிரியரின் குரலிலேயே மாணவர் கேட்கட்டுமே, அவற்றிற்கெனத் தனி ஆசிரியர் எதற்கு என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. பாடங்களைக் கேட்டு ஆராய்ந்த பின்னரே அதற்கு விடை கூறல் முறையாகும்.

யேல் பல்கலைக்கழகம் 2007 டிசம்பரில் 'திறந்த யேல் பாடங்கள்' என்னும் திட்டத்தை ஏழு பாடங்களோடு தொடங்கியது. அவ்வேழனுள் ஐந்து, மானிடக் கலைகளையும் சமூக அறிவியல்களையும் சார்ந்தவை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. இலவசக் கல்வி என்றவுடன் கணிதமும் பொறியியலுமே நினைவுக்கு வரும் நாட்டில் நாம் வாழ்கிறோமல்லவா? அவ்வைந்தில் ஒன்று ஹேய்ஸ் அம்மையாரின் பாடம். 2006-ஆம் ஆண்டு இலையுதிர்ப் பருவத்தில் யேல் வகுப்பறையிலேயே பதிவு செய்யப்பட்ட 24 விரிவுரைகள் கொண்டது இது. பதிவுக் கட்டணம் இல்லை, தேர்வு இல்லை, சான்றிதழும் இல்லை. ஒவ்வொரு விரிவுரையின் எழுத்து வடிவமும் உடன் கிடைக்கிறது. ஆங்கில உச்சரிப்பைத் தொடர இயலாத நம் மாணவர்க்கு இவ்வெழுத்து வடிவம் பேருதவி.

பாடத்தின் தரம் உயர்ந்தது. ஹேய்ஸ் யூத ரபீக்களின் மரபில், சிறப்பாகத் தல்மூதில், துறைபோகியவர். ஆயினும் அவர் தம் அறிவுப் பரப்பைக் காட்டுவதற்காக ஒரு சொல்லும் கூறுவதில்லை. பெருவெள்ள வரலாற்றை அவர் கையாளும் முறையைக் காண்க. விலங்குகள் இவ்விரண்டாகப் பேழைக்குள் சென்றனவா, அன்றிச் சுத்தமானவை எவ்வேழாகச் சென்றனவா, வெள்ளம் நாற்பது நாளா நூற்றைம்பது நாளா என்பவற்றை மாணவர் தம் கண்ணாலேயே கண்டு திகைக்கும்படி செய்து, அதன் பின்னரே மூல ஆவணக் கொள்கையை அறிமுகப்படுத்துகிறார். கொள்கையை முதலில் கூறிப் பின்னர் எடுத்துக்காட்டுத் தேடும் நம் பாடநூல்கள் இவ்வொழுங்கைக் கற்றுக்கொள்ளலாம். லேவியராகமத்தைப் பற்றிய விரிவுரை இன்னும் சிறந்தது. பாவநிவாரண பலி பாவியைக் கழுவுவதற்கன்று, மக்களின் பாவத்தால் மாசடைந்த பரிசுத்த ஸ்தலத்தைக் கழுவுவதற்கே என்னும் ஜேக்கப் மில்குரோமின் ஆய்வை அவர் எளிமையாக விளக்குகிறார். லேவியராகமத்தில் ஒருமுறையும் பிரசங்கம் செய்திராத ஆயரும் அதைக் கேட்டபின் அந்நூலைத் திறந்து பார்ப்பர்.

இனிக் குறைக்கு வருவோம். இரண்டாம் விரிவுரை முழுவதும் எகெஸ்கேல் காஃப்மன் என்னும் யூத அறிஞரின் கருத்தைச் சார்ந்து நிற்கிறது. பலதெய்வச் சமயங்களில் தெய்வங்களுக்கும் மேலான, தெய்வங்களையும் கட்டுப்படுத்தும் ஓர் ஆற்றல் தளம் உண்டு. இஸ்ரவேலின் சமயத்தில் அது இல்லை. எனவே இவ்விரண்டும் வேரிலேயே வேறுபட்டவை என்பது அக்கருத்து. ஹேய்ஸ் இதனை அப்படியே ஏற்பதில்லை. திருமறை ஆசிரியர்களின் சமயம் வேறு, இஸ்ரவேல் மக்கள் நடைமுறையில் கொண்டிருந்த சமயம் வேறு எனத் திருத்தி அமைக்கிறார். ஆயினும் 'பலதெய்வச் சமயம்' என்பதற்கு அவர் தரும் வரையறை, பாபிலோனியப் படைப்புக் காவியமாகிய எனூமா எலிஷ் போன்ற பண்டைய ஏடுகளிலிருந்து பெறப்பட்டது. யேல் மாணவர்க்கு அது நூலகப் பொருள். நம் மாணவர்க்கோ அடுத்த வீட்டில் விளக்கேற்றப்படுகிறது. ஊரின் அம்மன் கொடைக்கு வரி கேட்டு வந்தவரோடு பேசி வளர்ந்த மாணவர், தெய்வத்துக்கும் மேலான ஆற்றல் தளம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கையை உயர்த்துவார். என் அயலார் தம் தெய்வத்தைக் குறித்து அவ்வாறு பேசுவதில்லையே என்பார். அல்லது, ஊழைக் குறித்து அவர்கள் பேசுவது இதுதானோ என்று ஐயுறுவார். இரண்டும் நல்ல வினாக்கள். பதிவு செய்யப்பட்ட விரிவுரையில் இவற்றுக்கு இடமில்லை. எனவே, காஃப்மனின் கருதுகோள் அம்மாணவர் மனத்தில் நிலைநாட்டப்பட்ட முடிவாகப் பதிந்துவிடுகிறது. இது ஹேய்ஸின் பிழையன்று. அவர் தம் முன் அமர்ந்திருந்தவர்க்குக் கற்பித்தார். நம் மாணவர் அங்கு அமர்ந்திருக்கவில்லை.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. யேலில் இப்பாடம் விரிவுரையோடு முடிவதில்லை. மாணவர் சிறு குழுக்களாகத் துணை ஆசிரியரோடு கூடி, படித்த பகுதியைக் குறித்து வாதிடுவர், கட்டுரை எழுதுவர், அக்கட்டுரை சிவப்பு மையோடு திரும்பி வரும். படக்கருவி விரிவுரையை மட்டுமே பதிவு செய்தது. அவ்விரிவுரையின் சிறப்பே நம் கண்ணை மறைத்துவிடுகிறது. ஒரு பாடத்தின் பொதுவிடத்தைக் கண்டு, அதுவே பாடம் முழுவதும் என எண்ணிவிடுகிறோம்.

திருமறைத் திறனாய்வை முதன்முதலாகக் கேட்கும் மாணவரின் நிலையை இறையியல் ஆசிரியர் அனைவரும் அறிவர். ஆதியாகமத்தின் முதல் இரு அதிகாரங்களில் இரு படைப்பு வரலாறுகள் உள என்பதைக் கேட்ட அன்றிரவு உறங்காதவர் உண்டு. இத்தகைய மாணவர் ஒருவர் தனியே, விடுதி அறையில், செவிக்குழலை மாட்டிக்கொண்டு 24 விரிவுரைகளையும் கேட்டு முடித்தால் நேர்வது யாது? நாம் கண்ட வரையில் இரண்டில் ஒன்று நேர்கிறது. சிலர் முரண்பாடுகளை நாணயம் சேர்ப்பார்போலச் சேர்த்துக்கொண்டு, முதல் பிரசங்கத்திலேயே அவற்றைச் சபையாரின் முன் கொட்டுகின்றனர். வேறு சிலர் கேட்டவற்றையெல்லாம் தேர்வுக்குரியவை என ஒரு பெட்டியில் இட்டுப் பூட்டிவிட்டு, ஞாயிறன்று பழைய முறையிலேயே பேசுகின்றனர். இரு திறத்தாரிடமும், சரி, இப்பொழுது இவ்வதிகாரத்தைக் குறித்து உம் கருத்து யாது என ஒருவரும் கேட்கவில்லை. எத்தியோப்பிய மந்திரியின் கையில் ஏசாயாவின் சுருள் இருந்தது. வாசிக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. பிலிப்பு இரதத்தில் ஏறி உடன் அமர வேண்டியிருந்தது.

சாண்டெலின் 'நீதி' வேறு வகையானது. ஹார்வர்டின் சாண்டர்ஸ் அரங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரைக் கொண்டு பல்லாண்டுகள் நடைபெற்ற இப்பாடம், 2009-இல் 12 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக வெளிவந்தது. 2013-இல் எட்எக்ஸ் தளத்தில் முறையான இணையவழிப் பாடமாயிற்று. ஜப்பானிலும் தென் கொரியாவிலும் அவருக்குக் கிடைத்த வரவேற்பு நடிகர்க்குக் கிடைப்பது போன்றது எனக் கூறுதல் மிகையாகாது.

முதல் விரிவுரையை ஒருமுறை கேட்டவர் மறவார். தடுப்பு இழந்த வண்டி ஒன்று தண்டவாளத்தில் ஐவரை நோக்கி விரைகிறது, திருப்பினால் ஒருவரே மடிவார், திருப்பலாமா? அரங்கில் கைகள் உயர்கின்றன. பாலத்தின்மேல் நிற்கும் பருத்த மனிதரைத் தள்ளி அவ்வண்டியை நிறுத்தலாமா? கைகள் தாழ்கின்றன. ஏன் என்கிறார் சாண்டெல். எழுந்து விடை கூறும் மாணவரின் பெயரைக் கேட்கிறார். எதிர்த்துப் பேச வேறொருவரை அழைக்கிறார். அரைமணி நேரத்தில் பெந்தமும் கான்ட்டும் பிறந்துவிடுகின்றனர். அடுத்து 1884-ஆம் ஆண்டு மிஞோனெட் என்னும் படகு மூழ்கியபின், பசியால் வாடிய மாலுமிகள் தங்களோடிருந்த சிறுவனாகிய ரிச்சர்ட் பார்க்கரைக் கொன்று உண்ட வழக்கு. அறநெறியியலைக் கற்பிக்கும் நம்மில் எவரும் இத்திறனைக் கண்டு பொறாமைப்படாதிருத்தல் அரிது. நாமும் பொறாமைப்படுகிறோம்.

எனினும் இப்பாடத்தின் உள்ளடக்கத்துக்கும் அது வழங்கப்படும் முறைக்கும் இடையே ஒரு முரண் உண்டு. சாண்டெலைக் கல்வியுலகம் அறிந்தது 1982-இல் வெளிவந்த அவரது முதல் நூலால். ஜான் ராலஸின் நீதிக் கொள்கை, எந்தச் சமூகத்தோடும் பிணைப்பற்ற, தானே தனித்து நின்று தெரிவு செய்யும் ஒரு மனிதனைக் கற்பனை செய்கிறது. உண்மை மனிதர் அவ்வாறு இல்லை. நாம் குடும்பம், ஊர், மரபு ஆகியவற்றின் கடப்பாடுகளோடேயே பிறந்து வளர்கிறோம். நீதியைக் குறித்த நம் வாதமும் அங்கிருந்தே எழ வேண்டும் என்பது அவர் வாதம். 'நீதி' பாடத்தின் இறுதிப் பகுதிகள் இவ்விடத்துக்கே மாணவரைக் கொண்டுவருகின்றன. பெந்தம், லாக், கான்ட், ராலஸ் ஆகியோரைக் கடந்து அரிஸ்டாட்டிலிடம் திரும்பி, நல்வாழ்வு யாது எனக் கூடி வாதிடாமல் நீதியைத் தீர்மானிக்க இயலாது என்கிறார் சாண்டெல்.

கூடி வாதிடுவதற்கு எவருமின்றித் திரையின் முன் தனியே அமர்ந்து அதைக் கேட்பவர் யார்? ராலஸைக் குறை கூறுகையில் சாண்டெல் வரைந்து காட்டிய அதே பிணைப்பற்ற மனிதரே. அவர் கை உயர்த்தினாலும் சாண்டெல் காணார். அவர் பெயரைக் கேட்பார் இல்லை. அவர் கூறிய விடைக்காக மறுவாரம் அவரைப் பார்த்து முகஞ்சுளிப்பவரும் இல்லை. தளத்தில் கருத்துப் பகிரும் பக்கங்கள் உள்ளன என்பர். அங்கு ஒருவர் இட்ட கருத்து பல்லாயிரம் கருத்துகளின்கீழ் புதைந்துபோகிறது. சமூகத்தின் இன்றியமையாமையை நிறுவும் பாடம், சமூகமே தேவையில்லாத முறையில் கற்கப்படுகிறது. சாண்டெலின் கொள்கை சரியாயின், இணையத்தில் அவர் பாடம் அரைப்பாடமே. இணையப் பாடம் முழுமையானது என்போமாயின் அவர் கொள்கை தவறு. இரண்டையும் ஒருங்கே ஏற்க இயலாது.

இதனை முதலில் உணர்ந்து எழுதியவர்கள் கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழக மெய்யியல் துறையினர். எட்எக்ஸோடு ஒப்பந்தம் செய்துகொண்ட அப்பல்கலைக்கழகம், சாண்டெலின் பாடத்தைத் தம் வகுப்பில் பயன்படுத்துமாறு அத்துறையைத் தூண்டியது. துறையினர் மறுத்து, 2013 ஏப்ரலில் சாண்டெலுக்கே ஒரு திறந்த மடல் வரைந்தனர். வசதி படைத்த நிறுவனத்தின் மாணவர் நீதியைக் குறித்து வாதிடுவதைத் தம் மாணவர் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பது எத்தகைய நீதிப் பாடம் என வினவினர். நாடெங்கும் ஒரே பாடம் ஒரே குரலில் ஒலிப்பதை அஞ்சினர். உயிருள்ள ஆசிரியரிடம் பயிலும் செல்வர் ஒருபுறமும், பதிவைப் பார்த்துப் பயிலும் ஏனையோர் மறுபுறமுமாகப் பல்கலைக்கழகங்கள் இரு சாதியாகும் என்றனர். இரு சாதி என்பது நம் சொல், பொருள் அவர்களுடையது. சாண்டெல் கண்ணியமாகவே பதிலளித்தார். தம் பாடம் யாவர்க்கும் கிடைக்க வேண்டும் என்பதே தம் நோக்கம் என்றும், உடன் ஆசிரியரின் நிலையைக் குலைப்பதற்கு அது பயன்படுவதைத் தாம் விரும்பவில்லை என்றும் கூறினார். அவர் விருப்பத்தை ஐயுறுவதற்கில்லை. ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவோர் அதைக் கேட்பார்களா என்பதே கேள்வி.

நேர்மையின்பொருட்டு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அதே சான் ஹோசேயில் மின்சுற்றுப் பாடம் ஒன்றை எட்எக்ஸ் பதிவுகளோடு உள்ளூர் ஆசிரியர் இணைத்து நடத்தியபோது தேர்ச்சி உயர்ந்தது. மின்சுற்றில் விடை சரியா தவறா என்பதை எவரும் கண்டுவிடலாம். தவிரவும், அங்கே ஆசிரியர் வகுப்பிலேயே இருந்தார்.

டுனியரின் வரலாறு குறுகியது. ஆனால் மூன்றிலும் நம்மைச் சிந்திக்க வைப்பது அதுவே. 2012 கோடையில் கோர்செரா தளத்தில் அவர் நடத்திய சமூகவியல் அறிமுகத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 40,000 பேர் பதிந்தனர். சி. ரைட் மில்ஸ் 1959-இல் எழுதிய சமூகவியல் கற்பனை பற்றிய நூலோடு அவர் தொடங்கினார். தனி மனிதரின் துன்பத்தைச் சமூகத்தின் அமைப்போடு தொடர்புபடுத்திக் காணும் ஆற்றலே சமூகவியல் என்பது அந்நூலின் சாரம். பேசிக்கொண்டே போகாமல், பல நாட்டு மாணவர் சிலரைக் காணொளி வழியாக அழைத்துச் சிறு கருத்தரங்கு நடத்தினார். மற்றவர் அதனைப் பார்த்தனர். தம் கருத்துகளுக்கு, பல ஆண்டுக் கற்பித்தலில் பெற்றதைவிட மிகுதியான எதிர்வினையைச் சில வாரங்களிலேயே பெற்றதாக அவர் மகிழ்ந்து எழுதினார். கற்றுக்கொண்டவர் ஆசிரியரே என்பதை இவ்விடத்தில் கவனிக்க வேண்டும்.

மறு ஆண்டே டுனியர் அப்பாடத்தை நிறுத்திக்கொண்டார். பிற பல்கலைக்கழகங்கள் அப்பாடத்தை வாங்கித் தம் வகுப்புகளில் பயன்படுத்துவதற்கு உரிமம் தருமாறு கோர்செரா கேட்டது. மாநில அரசுகள் தம் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் நிதியைக் குறைப்பதற்கு அது ஒரு சாக்காகிவிடும் என அவர் அஞ்சினார். தனி மனிதரின் செயலைச் சமூக அமைப்போடு தொடர்புபடுத்திக் காணுமாறு 40,000 பேருக்குக் கற்பித்தவர், தம் செயலையே அவ்வாறு கண்டார். தாம் கற்பிப்பதை வாழ்ந்து காட்டிய ஆசிரியர் என அவரை மதிக்கிறோம்.

இப்பாடங்கள் எளியவர்க்குப் பயன்படுகின்றனவே என்பர். ஹார்வர்டும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமும் எட்எக்ஸில் தாங்கள் நடத்திய முதல் 17 பாடங்களைக் குறித்து 2014 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை இதற்கு ஓரளவு விடை தருகிறது. 'நீதி'யும் அப்பதினேழனுள் ஒன்று. மொத்தப் பதிவுகள் 8,41,687. சான்றிதழ் பெற்றவர் 43,196 பேர். பதிந்தும் பாடத்தைத் திறந்தே பாராதவர் மூன்றில் ஒரு பங்கினர்க்கும் மேல். இவ்வெண்களைக் காட்டி ஏளனம் செய்வாரோடு நாம் சேரவில்லை. நூலகத்தில் எடுத்த நூலை முடிக்காதவரை எவரும் ஏளனம் செய்வதில்லை. நம் கவனத்தை ஈர்ப்பது வேறு. பதிந்தவருள் பெரும்பான்மையோர் ஏற்கனவே பட்டம் பெற்றவர்கள். அறிமுகப் பாடத்தை நாடி வந்தவர்கள் முன்னரே கல்விக்கு அறிமுகமானவர்கள். எவருடைய கையும் பற்றாமல் நடக்கத் தெரிந்தவர்க்கு இப்பாடங்கள் நன்கு பயன்படுகின்றன. முதலாண்டு மாணவர் என்போர் நடக்கத் தெரியாதவர்.

பொருளாதாரப் பக்கத்தையும் சுருக்கமாகக் கூறிவிடுவோம். 2012-இல் இரு பல்கலைக்கழகங்களும் தலைக்கு மூன்று கோடி டாலர் இட்டு, இலாப நோக்கின்றித் தொடங்கிய எட்எக்ஸ், 2021-இல் 80 கோடி டாலருக்கு ஒரு வணிக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அந்நிறுவனம் 2024-இல் நீதிமன்றத்தில் கடன் தீர்ப்புப் பாதுகாப்புக் கோரியது. இதற்கிடையே, 2018 முடிவில், விரிவுரைகளை இலவசமாகப் பார்க்கலாம், மதிப்பெண் இடும் பயிற்சிகளுக்கு மட்டும் கட்டணம் என்னும் முறை எட்எக்ஸில் வந்தது. கோர்செரா அதற்கு முன்னரே அவ்வழியில் திரும்பியிருந்தது. எது மலிவு, எது அரிது என்பதை வணிகர் நம்மைவிட நன்கு அறிந்திருக்கின்றனர். பேச்சு இலவசம், மாணவர் எழுதியதைப் பார்ப்பதற்குக் கட்டணம். கட்டணம் கட்டினாலும் கட்டுரையைப் பேராசிரியர் படிப்பதில்லை. பல பாடங்களில் உடன் பயில்வோரே ஒருவர்க்கொருவர் மதிப்பெண் இடுவர். எஞ்சியவற்றில் நான்கு விடைகளுள் சரியானதைத் தெரிவு செய்தல் போதும். ஞானோபதேச வினாவிடையை மனனம் செய்வித்த நம் பழைய முறையைப் பிற்போக்கு எனக் கடிந்தவர்கள் இதனை நவீனம் என்கின்றனர். அவ்வினாவிடையிலாவது சிறுவர் வாய் திறந்து ஒரு பெரியவர் முன் கூற வேண்டியிருந்தது.

தொலைவிலிருந்து கற்பித்தலே ஆகாது என்பது நம் கருத்தன்று. இறையியல் கல்வியாளர் அவ்வாறு கூறவும் இயலாது. குவாத்தமாலாவின் பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி 1963-இல் தன் மாணவரை ஊர்களிலிருந்து வருவிப்பதை விடுத்து, ஆசிரியரை ஊர்களுக்கு அனுப்பத் தொடங்கியது. அவ்வழியில் 1971-இல் இந்தியாவிலும் விரிவாக்க இறையியல் கல்விச் சங்கம் தோன்றியது. அவ்வியக்கத்தின் சிந்தனையாளருள் ஒருவராகிய டெட் வார்ட் அதனை ஒரு வேலிக்கு ஒப்பிட்டார். மேற்கம்பி, மாணவர் வீட்டில் தாமே படிப்பது. கீழ்க்கம்பி, அவர் ஊழியத்தில் பெறும் அனுபவம். இவ்விரண்டையும் தாங்கும் கம்பங்கள், குறித்த நாள்தோறும் கூடும் கருத்தரங்குகள். இணையவழி அறிமுகப் பாடம் மேற்கம்பியை மிகச் சிறந்த எஃகால் செய்து தந்திருக்கிறது. கம்பம் நடுவதற்கு ஆளில்லை.

கம்பம் நட்ட ஒரு பாடத்தையும் கூறாவிடில் நம் மதிப்பீடு நடுநிலையுடையதாகாது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஆல் ஃபில்ரைஸ் 2012 முதல் கோர்செராவில் நவீன அமெரிக்கக் கவிதையைக் கற்பித்து வருகிறார். முதல் முறையே 30,000-க்கு மேற்பட்டோர் பதிந்தனர். அவர் விரிவுரை ஆற்றுவதில்லை. ஒரு மேசையைச் சுற்றித் தம் துணை ஆசிரியர் சிலரோடு அமர்ந்து, எமிலி டிக்கின்சனின் ஒரு கவிதையைச் சொல் சொல்லாகப் பிரித்து வாதிடுகிறார். அவ்வாதத்தில் சில நேரம் அவரே தோற்கிறார். துணை ஆசிரியர் கேட்போரின் எழுத்துக்குத் தொடர்ந்து மறுமொழி தருகின்றனர். வாரந்தோறும் நேரலையில் எவரும் தொலைபேசி வழியே பேசலாம். எனவே இணையம் என்னும் கருவியில் இது இயலாததன்று. இதற்கு ஆட்கள் வேண்டும். அவர்களுக்கு ஊதியம் வேண்டும். மிச்சம் பிடிப்பதற்காக இணையத்தை நாடும் கல்லூரி இப்பாடத்தைப் பின்பற்றாது.

ஆதலின், முதலாண்டு மெய்யியலையும் சமூகவியலையும் இணையத்திடம் ஒப்படைத்துவிட்டு ஆசிரியரை விடுவித்துக்கொள்ளலாம் என்னும் கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஆசிரியரை வைத்துக்கொண்டு பதிவுகளைப் பயன்படுத்துவதைப் பெரிதும் வரவேற்கிறோம். நூலகமற்ற கிராமத்துச் சேகரத்தில் பணியாற்றும் ஆயர்க்கு ஹேய்ஸின் தொடர் ஒரு கொடையே. சேகரத்தில் கைபேசி வைத்திருக்கும் பட்டதாரி இளைஞர் நால்வர் இருப்பின், அவர்களைச் சேர்த்துக்கொண்டு கேட்பது தனியே கேட்பதைவிடப் பயன் தரும். யேல் வகுப்பில் உயராத கைகள் அங்கே உயரும், ஆயர் விடை கூறத் திணறுவார், திணறட்டும்.

தொடக்கத்திலிருந்தே கேட்க வேண்டுமென்பதில்லை. இருபதாம் விரிவுரை புலம்பல், நீதிமொழிகள், யோபு ஆகியவற்றைக் குறித்தது. துன்பத்தைப் பற்றியதாகையால் எந்தச் சபையிலும் அதற்குக் கேட்போர் உண்டு. அதனை இயக்குமுன், யோபின் 42 அதிகாரங்களையும் குழுவினர் தாமே ஒருமுறை உரக்க வாசித்து முடித்திருத்தல் வேண்டும். அதற்கு மூன்று மாலைகளாவது தேவைப்படும். விரிவுரை ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.